ஏடு காத்த திம்புக்து

எட்டாத தொலைவிலுள்ள ஓர் ஊரைச் சுட்ட வேண்டுமானால் ஆங்கிலம் பேசுவோர் 'திம்புக்து' என்பார்கள். நம்மவருள் பலரும் அப்பெயரை அந்த வழக்கின் வாயிலாகவே கேட்டிருப்பர். உலகின் விளிம்பில் கிடக்கும் மணல்மேடு என்பது அவ்வழக்கின் கருத்து. ஆனால் அரபு நூல்களோடு உறவாடி வருவோருக்கு அவ்வூர் அத்தனை தொலைவானதன்று. மாலிக்கி மத்ஹபின் அறிஞர் பெருமக்களுடைய வரலாறுகளைத் தொகுத்துரைக்கும் 'நைலுல் இப்திஹாஜ்' என்னும் நூலை எடுத்துப் பாருங்கள். அதன் ஆசிரியர் பெயரின் ஈற்றில் 'அத்தின்புக்தீ' என்ற ஊர்ப்பெயர் நிற்கும். நவவியும் குர்துபியும் தத்தம் ஊரைப் பெயரோடு சுமந்து உலகெங்கும் உலவுவது போலவே இவரும் தம் ஊரைச் சுமந்து உலவுகிறார். அவர்தாம் அஹ்மது பாபா (ரஹ்).

மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டில், நைஜர் ஆறு வடக்கே வளைந்து சஹாராவின் ஓரத்தைத் தொட்டுத் திரும்பும் இடத்தில் இருக்கிறது இவ்வூர். படகில் வருவோர் கபாரா என்னும் துறையில் இறங்கிச் சில கல் தொலைவு மணலில் செல்ல வேண்டும். ஏறத்தாழ கி.பி. 1100-ல் துவாரக் நாடோடிகள் இங்கே கூடாரமடித்துத் தங்கினர் என்றும், மேய்ச்சலுக்குப் போகும்போது தங்கள் கிணற்றையும் பொருள்களையும் புக்து என்னும் மூதாட்டியின் பொறுப்பில் விட்டுச் சென்றனர் என்றும், அதனால் 'புக்துவின் இடம்' என்ற பொருளில் இப்பெயர் உண்டாயிற்று என்றும் அவ்வூரார் சொல்வர். பிறர் பொருளைக் காத்துக் கொடுத்த ஒரு கிழவியின் பெயரை ஊருக்கு இட்ட மக்கள் அவர்கள். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிப்பது நன்று.

வடக்கே தாவுதென்னிச் சுரங்கங்களிலிருந்து உப்புப் பாளங்கள் ஒட்டகங்களில் வந்தன. தெற்கேயிருந்து பொன் படகுகளில் வந்தது. இரண்டும் கைமாறிய சந்தைதான் திம்புக்து. 1324-ல் ஹஜ்ஜுக்குச் சென்ற மாலி மன்னர் மன்ஸா மூஸா, கெய்ரோ நகரில் பொன்னை வாரி வழங்கியதால் அங்கே பொன்னின் விலையே சரிந்தது என்று வரலாற்றாசிரியர் எழுதி வைத்தனர். அவர் திரும்பும்போது ஸ்பெயினின் கர்னாத்தாவில் பிறந்த கவிஞரும் கட்டடக் கலைஞருமான அபூ இஸ்ஹாக் அஸ்ஸாஹிலியை உடன் அழைத்து வந்தார். ஜிங்கரெபர் பெரிய பள்ளிவாசல் அவர் கைவண்ணம் என்பர். நம் மஅபர் கரைக்கும் மதுரைக்கும் வந்து சென்ற அதே இப்னு பதூதா, 1353-ல் திம்புக்துவுக்கும் சென்று, அங்கே அஸ்ஸாஹிலியின் கப்ரைக் கண்டதாகத் தம் பயண நூலில் குறித்திருக்கிறார்.

உப்புக்கும் பொன்னுக்கும் அடுத்து அவ்வூருக்கு வந்த மூன்றாவது சரக்கு, நூல். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு சென்ற ஹஸன் இப்னு முஹம்மத் அல்வஸ்ஸான் (ஐரோப்பியர் லியோ ஆஃப்ரிக்கானஸ் என்று அழைப்பது இவரையே), வட ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்படும் கையெழுத்து நூல்களை விற்பதில் மற்றெல்லாச் சரக்கைக் காட்டிலும் மிகுந்த இலாபம் கிடைக்கிறது என்று வியந்து எழுதினார். ஊரிலேயே படியெடுக்கும் தொழிலும் செழித்தது. இப்னு ஸீதாவின் 'அல்முஹ்கம்' என்னும் பெரிய அகராதியை 1570-களில் திம்புக்துவில் படியெடுத்தார்கள். அப்படியின் ஏட்டிறுதிக் குறிப்புகளில், எழுதியவருக்குத் தொகுதி ஒன்றுக்கு ஒரு மிஸ்கால் பொன்னும், மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தியவருக்கு அரை மிஸ்கால் பொன்னும் கூலி கொடுக்கப்பட்ட செய்தி பதிவாகியிருக்கிறது. பிழை திருத்துவோருக்குக் கூலி கொடுத்ததோடு நில்லாமல், அதை நூலின் கடைசியிலேயே எழுதியும் வைத்தார்கள் பாருங்கள்! அச்சகங்கள் நிறைந்த நம் காலத்தில் பிழை திருத்துவோருக்கு அந்த மதிப்பு கிடைக்கிறதா என்பது வேறு கேள்வி.

ஸங்கோரே, ஸீதி யஹ்யா, ஜிங்கரெபர் ஆகிய மூன்று பள்ளிவாசல்களைச் சுற்றிக் கல்வி வளர்ந்தது. இக்காலத்தில் எழுதுவோர் சிலர் 'ஸங்கோரே பல்கலைக்கழகம்' என்று எழுதி, ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றைக் கண்முன் நிறுத்துகிறார்கள். அப்படியொரு ஒப்பனை அவ்வூருக்குத் தேவையில்லை. அங்கே நடந்தது நாம் அறிந்த முறைதான். ஓர் உஸ்தாத், அவரிடம் ஒரு கித்தாபு, அதை ஓதும் மாணவர் வட்டம், ஓதி முடித்தபின் ஓர் இஜாஸத். பள்ளிவாசலிலும் நடந்தது, உஸ்தாதின் வீட்டிலும் நடந்தது. நூலகம் என்பதும் வீட்டிலேயே இருந்தது. பின்னாளில் அவ்வூர் ஏடுகள் பிழைத்ததற்கு இதுவே காரணமாயிற்று. ஒரே கட்டடத்தில் குவிந்திருந்தால் ஒரே நாளில் போயிருக்கும்.

1591-ல் மொரோக்கோ சுல்தான் அஹ்மத் அல்மன்ஸூரின் படை துப்பாக்கிகளோடு பாலைவனத்தைக் கடந்து வந்து, தொந்திபிப் போரில் ஸொங்கை அரசை வீழ்த்தியது. முஸ்லிம் அரசன் ஒருவன் முஸ்லிம் அரசின்மேல் பொன்னுக்காகத் தொடுத்த போர் அது. எதிர்த்து நின்ற உலமாக்களைப் பிடித்துச் சங்கிலியிட்டு 1594-ல் மராகிஷுக்குக் கொண்டு சென்றார்கள். அவர்களுள் அஹ்மது பாபாவும் ஒருவர். அப்போது அவருக்கு நாற்பது வயதிற்குச் சற்றுக் குறைவு. சுல்தான் திரைக்குப் பின்னாலிருந்து பேச, "திரைக்கு அப்பாலிருந்து அடியார்களிடம் பேசுவது அல்லாஹ்வுக்கு உரியது, நீர் மனிதர், எம் முன்னே வாரும்" என்னும் கருத்துப்பட அவர் சொன்னதாகவும், அதன்பின் திரை அகற்றப்பட்டதாகவும் மொரோக்கோ வரலாற்று நூல்கள் சொல்கின்றன. தம் உறவினருள் தம்மிடமே நூல்கள் குறைவு என்றும், அவ்வாறிருந்தும் 1600 நூல்களை இழந்ததாகவும் அவர் முறையிட்டார் என்பதும் அந்நூல்கள் தரும் செய்தி. மராகிஷ் பள்ளிவாசலில் அவரிடம் ஓதுவதற்கு அந்நாட்டு நீதிபதிகளே வந்து அமர்ந்தார்கள். எனினும் அவர் நெஞ்சம் ஊரிலேயே இருந்தது. சுல்தான் இறந்தபின், 1608-ல், ஊர் திரும்பினார். நிறத்தைக் காரணமாகக் காட்டி எவரையும் அடிமையாக்க இடமில்லை என்று 1615-ல் அவர் அளித்த விரிவான ஃபத்வா இன்றும் ஆய்வாளர்களால் எடுத்துப் பேசப்படுகிறது. 1627-ல் மறைந்தார்.

ஏடுகளை ஒளிக்கும் பழக்கம் அந்தப் படையெடுப்பின்போதே தொடங்கியது போலும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்தபின் அது மேலும் வலுத்தது. ஏடுகள் கைப்பற்றப்பட்டுப் பாரிசுக்குப் போய்விடும் என்ற அச்சம் வீணானதன்று. அப்படிப் போனவையும் உண்டு. தோல் பைகளில் கட்டி மணலில் புதைத்தார்கள்; மண்சுவருக்குள் வைத்துப் பூசினார்கள். தந்தை இறக்கும்போது மூத்த மகனுக்கோ மகளுக்கோ இடத்தைச் சொல்லிவிட்டுப் போவார். சொல்லாமல் போனவர்களின் ஏடுகள் கறையானுக்கு இரையாயின. பிள்ளைகள் ஃபிரெஞ்சுப் பள்ளிக்குச் சென்று அரபை மறந்த வீடுகளிலோ, ஏடு இருந்தும் இல்லாததாயிற்று.

மாலி நாடு விடுதலை பெற்றது 1960-ல். யுனெஸ்கோவின் முயற்சியாலும் குவைத்தின் பொருளுதவியாலும் 1973-ல் திம்புக்துவில் அஹ்மது பாபாவின் பெயரால் ஓர் ஆவண நிலையம் திறக்கப்பட்டது. அதற்காக ஊர் ஊராகச் சென்று ஏடு தேடும் வேலைக்கு 1984-ல் ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். அப்துல் காதிர் ஹைதரா என்பது அவர் பெயர். அவருடைய தந்தையும் ஆலிம். வீட்டில் தலைமுறைகளாகச் சேர்ந்த நூல்கள் நிறைந்திருந்தன. ஆற்றுப் படகிலும் ஒட்டகத்திலும் அவர் சென்ற ஊர்களில் மக்கள் முதலில் "எங்களிடம் ஏடே இல்லை" என்றே சொன்னார்கள். மெல்ல மெல்ல நம்பிக்கை பிறந்தபின் பெட்டி திறக்கும். விலையாகப் பணம் கேட்டவர் சிலர். மாடு கேட்டவர் சிலர். எங்கள் ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டித் தாருங்கள் என்றவரும் உண்டு.

பல ஆண்டுகள் இவ்வாறு அலைந்தபின் அவர் ஓர் உண்மையைக் கண்டார். ஏட்டை விற்க மனமில்லாத குடும்பத்தாரிடமிருந்து அதை வாங்க முயல்வதைவிட, அவர்களையே நூலகத்தாராக்குவது நல்ல வழி. 1996-ல் குடும்ப நூலகங்களை ஒன்றுசேர்த்து 'ஸவாமா' என்னும் சங்கம் உருவாயிற்று. இஸ்லாமியப் பண்பாட்டைக் காக்கும்பொருட்டுக் கையெழுத்து நூல்களைப் பேணிப் பயன்கொள்ளும் சங்கம் என்பது அதன் நீண்ட ஃபிரெஞ்சுப் பெயரின் கருத்து. 2000-ல் தம் தந்தையின் பெயரால் மம்மா ஹைதரா நூலகத்தை அவர் திறந்தார். அதையடுத்து மற்றக் குடும்பங்களும் திறந்தன. 15-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலைதோ நகரிலிருந்து குடிபெயர்ந்த ஒருவரின் வழிவந்தோர் காத்த காத்தி நூலகம் அவற்றுள் சிறப்பு மிக்கது. 2009 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 54,000 பேரே வாழ்ந்த ஒரு சிற்றூரில் முப்பதுக்கும் மேற்பட்ட நூலகங்கள்! அதே ஆண்டில் தென்னாப்பிரிக்க அரசின் உதவியோடு அஹ்மது பாபா நிறுவனத்துக்குப் பெரிய புதிய கட்டடமும் எழுந்தது.

அவ்வேடுகள் எப்படிப்பட்டவை? அவற்றுள் பெரும்பாலானவை தைத்துக் கட்டாத தனித்தனித் தாள்கள். தோலுறையில் செருகி நாடாவால் சுற்றியவை. தாள் உள்ளூரில் செய்ததன்று. வெனிஸ் வணிகர்கள் முஸ்லிம் நாடுகளுக்கென்றே மூன்று பிறை நீர்க்குறியிட்டு அனுப்பிய தாள்களும் அவற்றுள் உண்டு. எழுத்து மஃரிபு முறை. கிழக்கு முறையில் ஓதிப் பழகிய நமக்கு முதற்பார்வையில் தடுமாற்றம் ஏற்படும். 'ஃபா'வுக்குப் புள்ளி கீழே இருக்கும். 'காஃபு'க்கு மேலே ஒரு புள்ளிதான். நாம் 'ஃபா' என்று படிப்பது அங்கே 'காஃபு'. ஆனால் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை முந்தைய பக்கத்தின் அடியில் எழுதிவைக்கும் வழக்கம் நம் பழைய கித்தாபுகளில் கண்டதேதான். கட்டில்லாத தாள்கள் கலைந்துபோனால் வரிசைப்படுத்த அந்தச் சொல்லே துணை.

உள்ளடக்கமும் நமக்கு அந்நியமன்று. காழீ இயாழின் 'ஷிஃபா', 'தலாயிலுல் கைராத்', இப்னு மாலிக்கின் 'அல்ஃபிய்யா' ஆகியவை அங்கே மீண்டும் மீண்டும் கிடைக்கின்றன. ஃபிக்ஹில் மட்டும் நம் கரையில் ஷாஃபிஈ, அவர்களிடம் மாலிக்கீ. கலீலின் 'முக்தஸர்' அங்கே வீட்டுக்கு வீடு. இவை தவிர, வானநூல், மருத்துவம், உப்பு வணிகக் கணக்கு, கடன் பத்திரம், நிக்காஹ் ஒப்பந்தம், மணவிலக்கு வழக்கு, ஒரு ஷைகு இன்னொரு ஷைகுக்கு எழுதிய சினம் மிகுந்த கடிதம் என்று ஊர் வாழ்க்கை முழுவதும் ஏட்டில் ஏறியிருக்கிறது. வரலாறு எழுதுவோருக்கு அல்ஃபிய்யாவின் நூறு படிகளைக் காட்டிலும் அந்தக் கடன் பத்திரம் ஒன்று பயன்படும்.

மொழி பெரும்பாலும் அரபு. எனினும் ஸொங்கை, ஃபுலானி, தமாஷக் ஆகிய தங்கள் சொந்த மொழிகளையும் அரபு எழுத்தில் எழுதினார்கள். 'அஜமீ' என்று அதற்குப் பெயர். அரபில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புது எழுத்துக்களை அமைத்துக்கொண்டார்கள். ப, ட, ண, ள முதலிய ஒலிகளுக்கு நம் முன்னோர் அரபுத்தமிழில் செய்தது வேறென்ன? கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் 'மகானீ'யையும் 'ஃபத்ஹுத் தய்யா'னையும் ஓதிய பாட்டிமார் நம் வீடுகளில் இருந்தார்கள். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறையக் குறைய, அவ்வேடுகள் பரணுக்குப் போயின. வீடு மாறும்போது, திருவசனம் எழுதிய தாளைக் காலில் படும்படி விடலாகாது என்ற நல்லெண்ணத்தாலேயே அவற்றைக் கிணற்றிலும் கடலிலும் விட்டார்கள். குர்ஆன் பிரதியின் கிழிந்த தாளுக்கு உரிய மரியாதை அது. ஆனால் பாட்டனாரின் கப்பல் கணக்கும் மஹர் பத்திரமும் அதே மூட்டையில் போய்விடுவதை யார் பார்த்தார்கள்? இந்த மாத இதழைப் படித்து முடித்ததும் பரணில் பழைய பெட்டி உள்ளவர்கள் அதை இறக்கி, ஒவ்வொரு நூலின் கடைசித் தாளையாவது ஒருமுறை பாருங்கள். எழுதியவர் பெயர், ஊர், ஹிஜ்ரி ஆண்டு, யாருக்காக எழுதினார் என்ற விவரம் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

இனி 2012-க்கு வருவோம். அவ்வாண்டு மார்ச்சில் மாலியின் தலைநகர் பமாக்கோவில் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. அக்குழப்பத்தில் வடக்கே துவாரக் கிளர்ச்சியாளர் முன்னேறி, ஏப்ரல் 1 அன்று திம்புக்துவுக்குள் நுழைந்தார்கள். சில நாட்களில் அவர்களை ஒதுக்கிவிட்டு 'அன்ஸாருத்தீன்' இயக்கமும் அதன் கூட்டாளிகளும் ஊரைத் தம் கைக்குள் கொண்டுவந்தனர். அலுவலகங்கள் சூறையாடப்பட்டன. ஏடுகளைப் பற்றி வந்தவர்கள் முதலில் எதுவும் சொல்லவில்லை. ஆயினும் குடும்பத்தார் காத்திருக்கவில்லை. அஹ்மது பாபா நிறுவனத்தின் புதிய கட்டடம் ஆயுதக்காரர்களின் தங்குமிடமாயிற்று.

ஸவாமா சங்கத்தார் கூடி முடிவெடுத்தார்கள். நூலகம் என்று பெயர்ப்பலகை தொங்கும் கட்டடத்தில் இனி ஓர் ஏடும் இருக்கக்கூடாது. எல்லாம் மீண்டும் வீடுகளுக்கே போகவேண்டும். வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பதற்காக ஃபோர்டு அறக்கட்டளை ஹைதராவுக்கு அளித்திருந்த 12,000 டாலரை, அவ்வறக்கட்டளையின் இசைவோடு, டிரங்குப் பெட்டி வாங்கத் திருப்பினார். சந்தையில் பெட்டி தீர்ந்தபின் எண்ணெய்ப் பீப்பாய்களை வெட்டிப் பெட்டி செய்வித்தார்கள் என்று பின்னர் சொன்னார்கள். மின்சாரம் இல்லாத இரவுகளில் கைவிளக்கு வெளிச்சத்தில் ஏடுகளை அடுக்கி, கழுதை வண்டியில் ஏற்றி, சந்து சந்தாகக் கொண்டு போய் உறவினர் வீடுகளில் சேர்த்தார்கள். இன்ன பெட்டி இன்ன குடும்பத்தாருடையது என்று பட்டியல் எழுதப்பட்டது. அவசரத்திலும் கணக்கு விடவில்லை.

ஜூன் 30 அன்று கடப்பாரையும் குந்தாலியும் வெளிவந்தன. ஸீதி மஹ்மூத், ஸீதி முக்தார், அல்ஃபா மோயா ஆகிய பெரியார்களின் அடக்கத்தலக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அடுத்தடுத்த நாட்களில் மேலும் சில. ஸீதி யஹ்யா பள்ளிவாசலில் நெடுங்காலமாகத் திறக்கப்படாதிருந்த கதவும் உடைக்கப்பட்டது. உலக முடிவு வரை அது திறக்காது என்பது ஊர் மக்களின் நம்பிக்கை. அந்நம்பிக்கையை ஒழிக்கவே உடைத்தோம் என்றார்கள்.

இவ்விடத்தில் ஒரு சொல். கப்ரின்மேல் கட்டடம் எழுப்புவது பற்றி ஃபிக்ஹு நூல்களில் விவாதம் உண்டு; மத்ஹபுகளின் இமாம்கள் பேசியிருக்கிறார்கள். நம் ஊர்களிலும் அது பற்றிய கருத்து வேறுபாடு பழமையானது; இக்கட்டுரையைப் படிப்போரிலேயே இரு தரத்தாரும் இருப்பர். ஆனால் அது கல்வியின் வழியில், ஆதாரத்தோடு பேசித் தீர்க்கும் விஷயம். அந்த அறிஞர்களின் ஊருக்கு வெளியிலிருந்து துப்பாக்கியோடு வந்து, அவர்களிடம் ஓதிய பரம்பரையை நிற்கவைத்து, கண்முன்னே இடிப்பதற்கு எந்தக் கித்தாபில் சான்று இருக்கிறது? இடிபட்டவற்றுள் அடங்கியிருந்தோர் வாழ்நாளெல்லாம் ஃபிக்ஹு நடத்தியவர்கள். இடிக்க வந்தவர்களோ அவ்வூர் ஏடுகளில் ஒன்றையும் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் நீதிமன்றத்தில் வெளியான ஒரு செய்தி நம்மைச் சிந்திக்கவைப்பது. அச்செயலை முன்னின்று நடத்திய அஹ்மத் அல்ஃபகீ அல்மஹ்தீ ஆசிரியராக இருந்தவர். இடிக்க வேண்டாம், ஊராரின் மனம் முறியும் என்று முதலில் அவரே தம் தலைவர்களுக்குச் சொன்னார். கட்டளை வந்ததும் இடிப்பை ஆதரிக்கும் ஜும்ஆ குத்பாவையும் அவரே எழுதினார்.

அடக்கத்தலங்கள் விழுந்ததும், வீட்டுக்குள் ஒளித்த ஏடுகளும் பிழைக்கா என்பது உறுதியாயிற்று. ஊரைவிட்டே அவற்றை வெளியேற்ற வேண்டும். பமாக்கோ ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தொலைவு. காய்கறிக்கும் துணிக்கும் அடியில் பெட்டிகளை வைத்து வாடகை வண்டிகளில் அனுப்பினார்கள். ஆயுதக்காரர்களின் சாவடிகளைக் கடந்ததும் அரசுப் படையின் சாவடிகள். அங்கே பெட்டியில் ஆயுதம் இருக்கிறதோ என்ற ஐயம். ஓட்டுநர்களாகவும் துணையாகவும் சென்றவர்கள் அக்குடும்பங்களின் இளைஞர்கள். வழியில் பிடிபட்டோரும் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் பேசி மீட்டார்கள். நெதர்லாந்து முதலிய நாடுகளின் அறக்கட்டளைகள் பணம் கொடுத்தன. அஹ்மது பாபா நிறுவனத்தின் பழைய கட்டடத்தில் இருந்த பல்லாயிரம் ஏடுகளையும் அதன் ஊழியர்கள் இதேபோல் வெளியேற்றினார்கள். அவ்வேலையில் முன்னின்றவர்களுள் எழுபது வயது கடந்த ஒரு காவலாளி இருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாற்பது ஆண்டுகள் காத்த ஏடுகளை அரிசிச் சாக்குகளிலும் கம்புச் சாக்குகளிலும் திணித்துக் கழுதை வண்டியில் ஏற்றினார்.

2013 ஜனவரியில் ஃபிரெஞ்சுப் படை போரில் இறங்கியதும் சாலைகள் அடைபட்டன. எஞ்சிய பெட்டிகள் கபாரா முதலிய துறைகளிலிருந்து படகேறி, நைஜர் ஆற்றின் வழியே ஜென்னேயை நோக்கிப் போயின. முன்னொரு காலத்தில் நூல் சுமந்து வந்த ஆறு, இப்போது அதே நூலைச் சுமந்து தெற்கே சென்றது.

ஜனவரி 28 அன்று ஃபிரெஞ்சு, மாலிப் படைகள் ஊருக்குள் வந்தன. தப்பியோடிய ஆயுதக்காரர்கள் போவதற்கு முன் புதிய கட்டடத்தில் கிடைத்த ஏடுகளைக் குவித்து எரித்திருந்தார்கள். திம்புக்துவின் ஏடெல்லாம் சாம்பலாயிற்று என்று அன்று உலகெங்கும் செய்தி பரவியது. சில நாட்களில் உண்மை தெரிந்தது. அந்நிறுவனத்தில் இழப்பு 4203 ஏடுகள். மற்றவை அங்கே இல்லை. அவை முன்பே போய்விட்டன.

போனவை எத்தனை? ஏறத்தாழ 2400 பெட்டிகள், 377,000 ஏடுகள் என்று சங்கத்தார் சொன்னார்கள். மேனாட்டு அறிஞர் சிலர் அந்த எண்ணிக்கையை ஐயுற்றனர். உதவி திரட்டும் அவசரத்தில் ஆபத்தும் எண்ணிக்கையும் மிகைப்படுத்தப்பட்டன என்று எழுதினோரும் உண்டு. ஏடு என்றால் என்ன என்பதிலேயே வேறுபாடு இருக்கிறது. ஒற்றைத் தாளில் எழுதிய கடிதத்தையும் ஒன்று என்பர். முந்நூறு தாள் கொண்ட நூலையும் ஒன்று என்பர். எண்ணிக்கையைச் சரிபார்ப்பது ஆய்வாளர் கடமை. அதைக் கேட்டுச் சினம் கொள்ள வேண்டியதில்லை. முஹ்கம் அகராதிக்குப் பிழை திருத்துவோரை அமர்த்திய ஊர், தன் கணக்கையும் பிறர் திருத்துவதைப் பொறுத்துக்கொள்ளும். பெட்டிகள் பமாக்கோவுக்குப் போய்ச் சேர்ந்ததை மட்டும் எவராலும் மறுக்க முடியவில்லை.

பமாக்கோ போனதும் வேறொரு பகை வந்தது. பாலைவனத்தின் வறண்ட காற்றில் நூற்றாண்டுகள் நொறுங்காமல் கிடந்த தாள், தலைநகரின் மழைக்கால ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது. இரும்பு மை ஊறிய இடத்தில் தாள் அரித்துப் போயிற்று. அறைகளில் ஈரத்தை உறிஞ்சும் கருவிகளை வைத்தார்கள். ஒவ்வொரு ஏட்டுக்கும் அதன் அளவுக்கேற்ப அமிலமில்லாத அட்டைப் பெட்டி செய்து, தூசு தட்டி, பட்டியலிட்டுப் படமெடுக்கும் வேலை 2013-லேயே ஆரம்பமானது. ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகம் துணை நின்றது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் கிறிஸ்தவத் துறவியர் மடம் ஒன்றைச் சார்ந்த ஹில் கையெழுத்து நூலகம், படமெடுக்கும் கருவியும் பயிற்சியும் தந்தது. ஓர் இயக்கம் மார்க்கத்தின் பெயரால் எரித்தது. வேற்று மார்க்கத்துத் துறவியர் நம் ஃபிக்ஹு நூல்களைப் படமெடுத்துக் காத்தனர். வரலாறு இப்படியும் நடக்கும்.

ஊரில் இடிந்தவற்றையும் ஊராரே எழுப்பினார்கள். திம்புக்துவில் கொத்தர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிவாசல்களைப் பேணி வருபவை. மண்ணும் வைக்கோலும் கலந்த பூச்சு மழையில் கரையும். அதனால் அவ்வப்போது ஊரே கூடி மண் சுமந்து மீண்டும் பூசுவது அங்கே ஒரு திருநாள் போல நடக்கும். 2014 மார்ச்சில் அக்கொத்தர்கள் வேலையைத் தொடங்கினார்கள். பழைய புகைப்படங்களையும் முதியோர் நினைவையும் துணையாகக் கொண்டு, பழைய அடித்தளத்தைத் தேடிப் பிடித்து, அதன்மேலேயே 14 அடக்கத்தலங்களை 2015 ஜூலைக்குள் கட்டி முடித்தனர். அல்மஹ்தீயின் வழக்கு 2016-ல் ஹேக் நகர நீதிமன்றத்தில் நடந்தது. பண்பாட்டுச் சின்னங்களை அழித்த குற்றம் ஒன்றுக்காகவே அங்கே ஒருவர் தண்டிக்கப்பட்டது அதுவே முதல் முறை. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஊராரிடம் மன்னிப்புக் கேட்டு, உலக முஸ்லிம்கள் இத்தகைய செயலில் இறங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஒன்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பின்னர் அது ஏழாகக் குறைந்தது.

அஹ்மது பாபா நிறுவனத்தின் ஏடுகள் 2025 ஆகஸ்டில் ஊர் திரும்பத் தொடங்கின. இருநூறுக்கும் மேற்பட்ட பெட்டிகள், ஐந்து டன்னுக்கும் மேற்பட்ட எடை. வட மாலியின் சாலைகளில் அமைதி திரும்பாததால் விமானத்தில் ஏற்றி வந்தார்கள். ஈரத்தில் கெடுவதைக் காட்டிலும் ஆபத்து நீங்காத ஊரிலேயே இருப்பது மேல் என்று அரசு கருதியது. அவை அந்நிறுவனத்துக்கு உரியவை. சங்கத்தின் குடும்பங்களுக்கு உரிய பெட்டிகளின் கணக்கு வேறு. கழுதை வண்டியில் ஏற்றிய இரவில் எழுதிய அந்தப் பட்டியல், எந்தப் பெட்டி எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்பதைச் சொல்லும்.